சுவரில் மூன்று மஞ்சள்

செப்டம்பர் 14, சனி

நாளை சீசனின் முதல் ஆட்டம். புது நோட்டுக்கு அட்டை போட்டாயிற்று. இதில் என்னென்ன வரும் என்பதை முதலிலேயே வரிசைப்படுத்திவிடுகிறேன்.

1. எண்ணூர் ஹார்பர் கால்பந்து அணி ஆடும் ஒவ்வொரு ஆட்டத்தின் நாள், இடம், முடிவு.
2. நம் ஆட்டக்காரர்கள் வாங்கும் மஞ்சள், சிவப்பு அட்டைகள். யார், எத்தனையாவது நிமிடம்.
3. மறக்கக் கூடாத வீட்டு வேலைகள். தனி நோட்டுப் போட்டால் இரண்டையும் தொலைக்கிறேன்.
4. என் சந்தேகங்கள். என் கண் ஒன்றும் ஊர் ஒன்றும் சொன்னால் பிழை என் கண்ணில்தான் இருக்கும். ஆகவே சந்தேகங்களை இங்கே எழுதித் தீர்த்துக்கொள்வேன். வாய்விட்டுச் சொல்லி யாரையும் தொந்தரவு செய்ய மாட்டேன்.
5. தோற்றால் ஏன் தோற்றோம் என்பது இதில் வராது. அது கோச்சின் வேலை.

நான்காவதற்குக் காரணம் உண்டு. ரயில்வேயில் கால அட்டவணைப் பிரிவில் இருந்தபோது, ஒற்றைப் பாதையில் இரண்டு வண்டிகள் எதிரெதிரே வருவதாகச் சொல்லி அச்சு வேலையை ஒரு நாள் முழுக்க நிறுத்திவைத்தேன். நடுவில் ஒரு ஸ்டேஷனில் வண்டி ஒதுங்க இடம் இருப்பதை மறந்திருந்தேன். புள்ளியியலில் எம்.எஸ்ஸி. முடித்தவன் நான். முப்பத்தெட்டு ஆண்டுகள் ஆகின்றன. அன்று அதிகாரியின் மேஜையைச் சுற்றி நின்றவர்கள் சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது.

வீடு: குக்கருக்கு கேஸ்கட்.

செப்டம்பர் 15, ஞாயிறு

சென்னை. ஹார்பர் 0, கோவா 2. மஞ்சள்: லாசர், 71ஆம் நிமிடம்.

கேஸ்கட் வாங்கினேன். அளவு தவறு.

செப்டம்பர் 16, திங்கள்

நான்கு மஞ்சள் சேர்ந்தால் அடுத்த ஆட்டத்தில் உட்கார வேண்டும் என்பது விதி. லீக் அலுவலகம் கூப்பிட்டு எச்சரிக்காது. எண்ணிக்கை கிளப்பின் பொறுப்பு. கிளப்பில் அது என் பொறுப்பு. உடை மாற்றும் அறைச் சுவரில் என் அட்டவணை தொங்குகிறது, இருபத்தாறு பெயர்களோடு. மஞ்சள் வாங்கியவர் அடுத்த பயிற்சிக்கு முன் வந்து, நான் நறுக்கி வைத்திருக்கும் மஞ்சள் காகிதச் சதுரம் ஒன்றை எடுத்துத் தன் பெயருக்கு நேரே தானே ஒட்ட வேண்டும்.

இந்த வழக்கத்தை வைத்தவர் லாசர். அணித் தலைவர், தடுப்பாட்டக்காரர், வயது முப்பத்துமூன்று, வியாசர்பாடிக்காரர். காப்டன் ஆன வருஷமே என்னிடம் சொன்னார்: "தப்பு பண்ணவன் கையாலதான் ஒட்டணும் நைனா. நீங்க ஒட்டுனா அது உங்க தப்பு மாதிரி ஆயிடுது."

இன்று அவரே முதலில் ஒட்டினார். அறையே கை தட்டியது.

"இன்னா காப்டன், போணி உன்துதானா?"

"டேய், போணி பண்றதுக்கும் ஒரு கை ராசி வேணும்டா. நீ கோல் போட்டுப் போணி பண்ணு, பாக்கலாம்."

கோல் போட வேண்டியவர் தலையைக் குனிந்து ஷூ லேஸைக் கட்டினார். நானும் சிரித்தேன். சத்தமில்லாமல்தான்.

அக்டோபர் 6, ஞாயிறு

கொல்கத்தா. 1-1. முதல் புள்ளி. டிவியில் பார்த்தேன். வெளியூர் ஆட்டங்களுக்கு என்னை அழைத்துப்போவதில்லை, நானும் கேட்டதில்லை.

கேஸ் சிலிண்டர் பதிவு செய்தேன்.

நவம்பர் 30, சனி

சென்னை, மழை. ஹார்பர் 0, பெங்களூரு 4. பந்து உருளவில்லை, மிதந்தது. மஞ்சள்: லாசர் (இரண்டாவது), 33.

பதினோரு ஆட்டம், ஐந்து புள்ளி. பட்டியலில் கடைசி. கடைசி இடம் இரண்டாம் பிரிவுக்கு இறங்கிவிடும். இறங்கினால் கிளப்பைத் தொடர்ந்து நடத்தப்போவதில்லை என்று முதலாளி தரப்பில் சொல்லிவிட்டார்களாம். மேனேஜர் நிரஞ்சன் இதை லிஃப்ட் எப்போது வரும் என்று சொல்வதுபோலச் சொன்னார்.

டிசம்பர் 22, ஞாயிறு

சென்னை. ஹார்பர் 2, ஹைதராபாத் 1. வெற்றி!

மேலே உள்ள ஆச்சரியக்குறி தேவையில்லை. இருக்கட்டும்.

லாசர் பைக்கில் என்னை வீடுவரை கொண்டுவந்து விட்டார். குமுதவல்லி அடை வார்த்தாள். ஐந்து தின்றார்.

"ஏன் தம்பி, அந்த பத்தாம் நம்பர் பையன் பந்தக் கண்டா ஏன் அப்படி பயந்து ஓடுறான்? கடன்காரன் வந்த மாதிரி?" என்று கேட்டாள் என் மனைவி.

"அம்மா, நீங்க வந்து ஒரு நாள் ட்ரெய்னிங் குடுங்க. கோச்சு வேலைய விட்டுட்டு ஓடிருவாரு."

"எனக்கென்ன, குடுப்பேன். இவர் மாதிரி சுவத்தப் பாத்துக்கிட்டு நிக்க மாட்டேன்."

லாசர் என்னைப் பார்த்தார். "சுவரு இல்லன்னா வீடு ஏதும்மா?" என்றார்.

இதை எதற்கு எழுதிவைக்கிறேன் என்று தெரியவில்லை. ஐந்து தலைப்பிலும் இது வராது.

ஜனவரி 19, ஞாயிறு

சென்னை. ஹார்பர் 1, ஜாம்ஷெட்பூர் 1. மஞ்சள்: லாசர் (மூன்றாவது), 90+2.

ஜனவரி 20, திங்கள்

லாசர் மூன்றாவது சதுரத்தை ஒட்டினார். இம்முறை கை தட்டல் குறைவு. திருச்சூர்க்காரரான கோச் சுகுமாரன் மூன்று சதுரத்தையும் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இனி ஒண்ணு கூட வேண்டா லாசரே. நீ இல்லாம எனக்குப் பின்னாடி ஆளில்லா."

"வாங்க மாட்டேன் சார்."

"ரெஃப்ரிகிட்ட பேசவே வேண்டா. வணக்கம் கூட வேண்டா."

குமுதவல்லிக்குக் கண் பரிசோதனை. வலக்கண்ணில் புரை ஆரம்பம். சொட்டு மருந்து மூன்று வேளை, நான்தான் போட்டுவிட வேண்டும்.

பிப்ரவரி 23, ஞாயிறு

ஷில்லாங். ஹார்பர் 1, ஷில்லாங் 2. மாலை ஐந்து மணி ஆட்டம், டிவியில். 93ஆம் நிமிடம் பெனால்ட்டி கொடுத்துத் தோற்கடித்தார்கள். (கொடுத்தது சரியா தவறா என்பது ஐந்தாம் தலைப்பு. விடுகிறேன்.) மஞ்சள்: இரண்டு பேர், 40, 77. அதில் லாசர் இல்லை.

இனி நான்காம் தலைப்பு. கடைசி விசில் ஊதியபின் லாசர் இரு கைகளையும் விரித்துக்கொண்டு நடுவரை நோக்கி நடந்தார். நடுவரின் கை அட்டை இருக்கும் சட்டைப் பைக்குப் போனது. அந்த நொடியில் விளம்பரம் வந்துவிட்டது. சமையல் எண்ணெய். விளம்பரம் முடிந்து மைதானம் மறுபடி தெரிந்தபோது எல்லாரும் உள்ளே போயிருந்தார்கள்.

"பாத்தியா?" என்று குமுதவல்லியிடம் கேட்டேன்.

"எண்ணெயா? அது நல்லா இல்லீங்க, போன மாசம் வாங்கினோமே."

"நடுவர் கையப் பாத்தியான்னு கேட்டேன்."

"அதுக்குள்ளதான் விளம்பரம் போட்டுட்டானே. நீங்க எதப் பாத்தீங்க?"

அரை விநாடி. அதற்கும் குறைவு. விசிலை உள்ளே வைக்கக்கூட ஒருவர் கையைப் பைக்குக் கொண்டுபோகலாம்.

பிப்ரவரி 25, செவ்வாய்

அணி நேற்றுத் திரும்பியது. பயிற்சிக்கு அரை மணி முன்பே போய், சதுரங்கள் நறுக்கினேன். இரண்டு வேண்டும். மூன்று நறுக்கினேன்.

மஞ்சள் வாங்கிய இருவரும் வந்து ஒட்டினார்கள். லாசர் காலில் பட்டை சுற்றிக்கொண்டிருந்தார். சுற்றி முடித்து, அவிழ்த்து, மறுபடி சுற்றினார். அட்டவணைப் பக்கம் வரவில்லை. மைதானத்துக்குப் போய்விட்டார்.

அவர் ஒட்டவில்லை என்றால் அவருக்கு அட்டை இல்லை. வழக்கமே அவர் வைத்ததுதானே.

மூன்றாவது சதுரத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

பிப்ரவரி 26, புதன்

நிரஞ்சனிடம் போனேன். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நடுவரின் அறிக்கை அவருக்குத்தான் மின்னஞ்சலில் வரும். முதல் பக்கத்தில் கோல்கள், ஆட்டநேரத்து அட்டைகள், ஆட்களை மாற்றிய நேரம். விசிலுக்குப் பின் நடப்பதை இரண்டாம் பக்கத்தில் 'பிற குறிப்புகள்' என்ற தலைப்பின் கீழ் எழுதுவார்கள்.

நிரஞ்சன் இரண்டு போனில் பேசிக்கொண்டிருந்தார். முதல் பக்கத்தை அச்செடுத்துக் கொடுத்தார்.

"இரண்டாம் பக்கம்...?" என்றேன்.

"அதுல என்ன சார் இருக்கப்போவுது? ஆம்புலன்ஸ் எத்தனை மணிக்கு வந்துச்சு, லைட்டு எரிஞ்சுதா, அதான். உங்களுக்கு என்ன டவுட்டு?"

"ஒன்றுமில்லை. லாசருக்கு மூன்றுதானா என்று..."

அவர் போனில் லீக்கின் இணையப் பக்கத்தைத் திறந்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். லாசர்: 3. "போதுமா சார்? உங்க சுவத்துலயும் மூணு, இங்கயும் மூணு. ஞாயித்துக்கெழம மேட்சுக்கு டிக்கெட்டு கேட்டு ஊரே என் கழுத்துல உக்காந்திருக்கு."

அந்தப் பக்கத்தில் ஆட்டம் நடக்கும்போதுதான் எண்களை ஏற்றுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் மூன்று என்றால் மூன்று. நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 27, வியாழன்

இரண்டாம் பக்கத்தை இன்னொரு முறை கேட்கவில்லை.

பிப்ரவரி 28, வெள்ளி

துவைத்த சட்டையின் பையிலிருந்து குமுதவல்லி ஒரு மஞ்சள் கூழை எடுத்தாள்.

"இது என்னங்க? என் வெள்ளை ஜாக்கெட்டெல்லாம் மஞ்சளாயிடுச்சு."

சொன்னேன். ஷில்லாங், சட்டைப் பை, எண்ணெய் விளம்பரம், இரண்டாம் பக்கம், எல்லாவற்றையும். கேட்டுக்கொண்டே கொடியில் துணி போட்டாள்.

"அப்போ போய்ச் சொல்ல வேண்டியதுதானே?"

"என்னவென்று சொல்ல? நிச்சயமாகத் தெரியாது."

"நிச்சயமாத் தெரியாதுன்னே சொல்லுங்க. வாய்ல என்ன கொழுக்கட்டையா?"

"ஞாயிற்றுக்கிழமை கொச்சியோடு கடைசி ஆட்டம். டிரா செய்தாலே போதும், தப்பித்துவிடுவோம். லாசர் இல்லாமல் டிரா கிடையாது. என் அரை விநாடியை நம்பி அவரை உட்கார வைத்து, பிறகு அப்படி ஒரு அட்டையே இல்லை என்று ஆனால்?"

"ஆனா என்ன? திட்டுவாங்க. திட்டு வாங்கினா செத்தா போயிடுவீங்க?"

சிரித்தார்கள் என்றால்? அதை அவளிடம் சொல்லவில்லை.

இன்னொரு சதுரம் நறுக்கிக்கொண்டேன். கண் மருந்து: மதிய வேளை மறந்துவிட்டது.

மார்ச் 1, சனி

காலைப் பயிற்சி முடிந்து எல்லாரும் போனபின் அட்டவணையில் தூசி தட்டிக்கொண்டிருந்தேன். லாசர் திரும்பி வந்தார். குளித்து, பை மாட்டிக்கொண்டு கிளம்பியவர்தான். அட்டவணை முன் நின்றார். பையைக் கீழே வைத்தார்.

"நைனா, எனக்கு மூணுதானே?"

"சுவரில் மூன்று" என்றேன்.

"சுவத்துல மூணு." அவரும் அதையே சொன்னார்.

பிறகு சும்மா நின்றார். என் கை சட்டைப் பையின் மேல் இருந்தது.

"ஷில்லாங் மேட்ச் பாத்தீங்களா நைனா, வீட்ல?"

"பார்த்தோம். குமுதவல்லியும் நானும்."

"முழுசா?"

"கடைசியில் விளம்பரம் போட்டுவிட்டார்கள்."

"ஆமா, போட்டுருவானுங்க." மூன்றாவது சதுரத்தின் ஓரத்தை விரலால் அழுத்திவிட்டார். "சரி நைனா, வரேன்." பையைத் தூக்கிக்கொண்டு கதவுவரை போய்த் திரும்பிப் பார்த்தார். நான் தூசி தட்டினேன்.

அவர் எதற்காகக் கேட்டார் என்று விளங்கவில்லை. கடைசி ஆட்டத்துக்கு முன் பதற்றமாக இருந்திருக்கலாம்.

மார்ச் 2, ஞாயிறு

சென்னை. ஹார்பர் 0, கொச்சி 0. அட்டை இல்லை.

லாசரைப் போல ஒருவர் ஆடி நான் பார்த்ததில்லை. 88ஆம் நிமிடம் கோல்கீப்பரையும் தாண்டிவிட்ட பந்தை, கோட்டின் மேல் விழுந்து நெஞ்சால் தள்ளினார். பதினெட்டாயிரம் பேர் எழுந்து நின்றார்கள். நான் நிற்கவில்லை.

விசில் ஊதியதும் ஆட்டக்காரர்கள் என்னையும் மைதானத்துக்குள் இழுத்துக்கொண்டு போனார்கள். "பெருசு, இன்னா மூஞ்சி இது? தப்பிச்சிட்டோம் பெருசு!" யாரோ என் தலையில் தண்ணீர் ஊற்றினார்கள். லாசர் தூரத்தில் கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு தனியே உட்கார்ந்திருந்தார். களைப்பு என்று நினைத்தேன்.

சட்டைப் பையில் இருந்த சதுரம் நனைந்துவிட்டது.

மார்ச் 3, திங்கள்

எதுவும் வரவில்லை. நல்லது. பால் அட்டை புதுப்பித்தேன்.

மார்ச் 4, செவ்வாய்

எதுவும் வரவில்லை.

மார்ச் 5, புதன்

காலை பத்தே காலுக்கு நிரஞ்சன் போன் செய்தார். "சார், உடனே வாங்க" என்றார், அவ்வளவுதான்.

லீக்கிலிருந்து கடிதம். ஷில்லாங் ஆட்டத்தில் விசிலுக்குப் பின் நடுவரிடம் வாதாடியதற்காக லாசருக்கு மஞ்சள், நான்காவது. கொச்சி ஆட்டத்தில் அவர் இறங்கியிருக்கக் கூடாது. தகுதி இல்லாதவரை ஆட வைத்ததால் 0-0 என்பது 0-3 தோல்வியாகிறது. ஹார்பர் கடைசி இடம். இரண்டாம் பிரிவு.

உடை மாற்றும் அறையிலேயே கூட்டம். முதலாளியின் ஆள், கோச், நிரஞ்சன், லாசர், நான். முதலாளியின் ஆள் அட்டவணையை நிதானமாகப் படித்தார்.

"மூணுதான ஒட்டியிருக்கு. இந்தச் சுவத்த யார் பாத்துக்கிறது?"

நிரஞ்சன் என்னைப் பார்த்தார். இரண்டாம் பக்கத்தைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. கோச் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டிருந்தார்.

"அவர இதுல இழுக்காதீங்க சார்" என்றார் லாசர். "கார்டு வாங்குனவன்தான் ஒட்டணும். வாங்குனது நானு. ஒட்டாதது நானு. அவரு வீட்ல டிவி பாத்துக்கினு இருந்தாரு, அவருக்கு இன்னா தெரியும்?"

நான் எழுந்து நின்றேன். சொல்ல வேண்டிய வாக்கியம் தயாராக இருந்தது: 'நானும் பார்த்தேன்.' இரண்டே சொற்கள். தண்ணீருக்காக எழுந்தேன் என்று நினைத்து நிரஞ்சன் பாட்டிலை நீட்டினார். வாங்கினேன். குடித்தேன். உட்கார்ந்துவிட்டேன்.

லாசரின் ஒப்பந்தத்தை இன்றோடு முடித்துவிட்டார்கள். கிளப்பைப் பற்றி மாதக் கடைசியில் முடிவு சொல்வார்களாம். முடிவு எல்லாருக்கும் தெரியும்.

மார்ச் 6, வியாழன்

குமுதவல்லி என்னிடம் பேசவில்லை. சொட்டு மருந்தைத் தானே போட்டுக்கொண்டாள். பாதி கன்னத்தில் வழிந்தது.

மார்ச் 8, சனி

அட்டவணையைக் கழற்றி எடுத்துப்போகச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். கழற்றினேன். சுவரில் அதன் அளவுக்கு ஒரு வெள்ளைக் கட்டம்.

மார்ச் 9, ஞாயிறு

இந்த நோட்டை எடுத்துக்கொண்டு வியாசர்பாடிக்குப் போனேன். இரண்டு பஸ். லாசர் தெருக்குழாயில் குடங்களுக்கு வரிசை போட்டு நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் லுங்கியை இறக்கிவிட்டார்.

"இன்னா நைனா, இவ்ளோ தூரம்? போன் பண்ணியிருந்தா நான் வந்திருப்பேனே."

பிப்ரவரி 23ஐத் திறந்து நீட்டினேன். குடத்தைக் காலால் நகர்த்திவைத்துவிட்டு, நின்றபடியே படித்தார். எண்ணெய் விளம்பரம் வந்த இடத்தில் கொஞ்சம் சிரித்தார். பிறகு 25ஐப் படித்தார். 26, 27, 28. மார்ச் 1ஐ இரண்டு முறை படித்தார் என்று நினைக்கிறேன். பின்னால் இருந்த பெண்மணி, "லாசரு, கொடம் ரொம்பி வழியுது, படிப்ப அப்பால வெச்சுக்கோ" என்றார். அவர் நகரவில்லை.

"அப்போ பாத்துட்டீங்க" என்றார்.

"அரை விநாடிதான் தம்பி. நிச்சயமில்லை."

"எனக்கும் நிச்சயமில்ல நைனா. அந்தாளு எடுத்தான். எனக்குக் காட்டுனானா, சும்மா மெரட்டிட்டு உள்ள வெச்சானான்னு தெரியல. அதுக்குள்ள எவனோ என்னைப் புடிச்சு இட்டுனு போய்ட்டான். ஒட்டலாமா வேணாமான்னு நாலு நாள் தூக்கமில்ல." குடத்தை எடுத்து இடுப்பில் வைத்தார். "மொத்த டீமும் என்னைப் பாத்துக்கினு இருக்கு. நானா போய், எனக்கு நாலுன்னு எப்புடி நைனா சொல்லுவேன்? வாய் வரல. அதான் சனிக்கெழம உங்கான்ட வந்து நின்னேன்."

அவர் கையிலிருந்த நோட்டை வாங்கிக்கொண்டேன்.

"நைனா ஒரு வார்த்த சொல்லிட்டார்னா உக்காந்துரலாம்னுதான் வந்தேன். சந்தேகமாக் கீதுப்பான்னு சொல்லியிருந்தாக்கூடப் போதும். நீங்க சொன்னா கோச்சு கேட்டிருப்பாரு. ஒம்போது வருஷத்துல உங்க சுவரு ஒரு தபா தப்பானதில்லன்னு எல்லாருக்கும் தெரியும். நீங்க தூசி தட்டுனீங்க. சரி, நைனாவே சும்மா கீறாரு, அப்போ ஒண்ணுமில்லன்னு நெனச்சு எறங்கிட்டேன்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

"டீ சாப்புட்டுப் போங்க" என்றார். குடிக்க முடியாது என்றேன். பஸ் ஏறும்வரை குடத்தோடு நின்றார்.

வீட்டுக்கு வந்து இந்த நோட்டின் முதல் பக்கத்தைத் திறந்தேன். முதல் மூன்றும் ஐந்தாவதும் சரியாகவே இருக்கின்றன. சட்டைப் பையில் கசங்கிக் கிடந்த சதுரத்தை எடுத்தேன். குமுதவல்லி கேட்காமலே பசை டப்பாவைக் கொண்டுவந்து வைத்தாள். நான்காம் எண்ணுக்கு நேரே என் கையாலேயே ஒட்டினேன். என் கண் பார்த்தது சரி. அன்று நடுவர் எடுத்தது மஞ்சள்தான். நான்காவதுதான் தவறு.